குறைந்த செலவில் வீட்டிலேயே பழ மஃபின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் கறுத்துப்போன மூன்று வாழைப்பழம், யாரும் எடுத்துத் தின்னாமல் சுருங்கிக் கிடக்கும் ஓர் ஆப்பிள். வீட்டில் இவை இருந்தால் மஃபின் சுட அதுவே போதுமான காரணம். பல வருடங்களாக வாரம் ஒரு முறையாவது சுட்டு வருகிறேன். அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன: நடுவில் அமுங்கிப் போகிறது, அடியில் சொதசொதவென்று இருக்கிறது, இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கிறது. இந்த மூன்றுக்கும் வேர் அநேகமாக ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும் தண்ணீரை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. கீழே வரும் பதில்களில் அந்தத் தண்ணீர் திரும்பத் திரும்ப வரும்.

மஃபினும் கப்கேக்கும் ஒன்றுதானே?

பார்க்க ஒன்று போல இருந்தாலும் செய்முறை வேறு. கப்கேக்குக்கு வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க நுரைக்க அடிக்க வேண்டும், மேலே கிரீம் வேண்டும். மஃபினுக்கு இரண்டு பாத்திரமும் ஒரு கரண்டியும் போதும். மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் ஒரு பாத்திரத்தில். முட்டை, எண்ணெய், பால் இன்னொன்றில். இரண்டையும் ஒன்றாகக் கொட்டி நாலு சுற்று கிளறினால் வேலை முடிந்தது. பீட்டர் (அடித்து நுரைக்கவைக்கும் கருவி) வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், அலங்காரம் வேண்டாம். செலவு குறைவதும் இந்த எளிமையால்தான்.

இதெல்லாம் பேக்கிங் பவுடர் வந்த பிறகு கிடைத்த வசதி. அதற்கு முன் மாவு எழும்பப் பெரும்பாலும் ஈஸ்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற வேதியியலாளர் 1843-இல் ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்பதுதான் காரணம். ஒருவரின் சாப்பாட்டுக் கஷ்டத்தைத் தீர்க்கச் செய்தது இன்று எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

காசு எதில் அதிகம் போகிறது? எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

மாவிலும் சர்க்கரையிலும் பெரிய செலவு இல்லை. வெண்ணெய், முந்திரி, பாதாம், பெர்ரி வகைகள், சாக்லேட், நல்ல வெனிலா ஆகியவைதான் கணக்கை ஏற்றுகின்றன. வெண்ணெயை முழுவதுமாக விட்டுவிடலாம். மணமில்லாத சமையல் எண்ணெய் போதும். வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே 100 கிராம் வெண்ணெய் கேட்கும் குறிப்புக்கு 80 கிராம் எண்ணெய் ஊற்றினால் சரியாக இருக்கும். எண்ணெயில் செய்த மஃபின் மறுநாளும் மெத்தென்றே இருக்கும், ஏனென்றால் எண்ணெய் ஆறினாலும் வெண்ணெயைப் போல உறைவதில்லை. இந்த ஒரு மாற்றத்தில் செலவும் குறைகிறது, மஃபினும் மேலாகிறது.

வெனிலாவுக்குப் பதிலாக எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோலின் மேல் பகுதியைத் துருவிப் போடுங்கள். அந்தத் துருவலைச் சர்க்கரையோடு விரலால் ஒரு நிமிடம் தேய்த்தால் தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கிச் சமையலறையே மணக்கும். வெள்ளைப் பகுதி கசக்கும், அதைத் தொடாமல் துருவுங்கள்.

குறைக்கக் கூடாதவை இரண்டு: பேக்கிங் பவுடரும் உப்பும். உப்பு அரை டீஸ்பூன்தான், ஆனால் அது இல்லாத மஃபினில் பழத்தின் சுவை மந்தமாகத்தான் தெரியும்.

ஓர் அடிப்படை அளவு சொல்ல முடியுமா?

பன்னிரண்டு மஃபினுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது:

மைதா 250 கிராம் (240 மி.லி. கப்பில் 2 கப்)
சர்க்கரை 120 கிராம்
பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன்
உப்பு அரை டீஸ்பூன்
முட்டை 2
எண்ணெய் 80 மி.லி.
பால் 180 மி.லி.
பொடியாக நறுக்கிய பழம் 200 கிராம்

ஓவனை 190 டிகிரி செல்சியஸில் முன்பே சூடாக்குங்கள். உலர்ந்த பொருட்களைக் கம்பிக் கரண்டியால் நன்றாகக் கலந்துவிடுங்கள், பேக்கிங் பவுடர் ஒரே இடத்தில் கட்டியாக நின்றால் அந்த மஃபின் கசக்கும். முட்டை, எண்ணெய், பாலை வேறொரு பாத்திரத்தில் அடித்து, உலர்ந்த மாவின் நடுவில் ஊற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். இன்னும் அங்கங்கே வெள்ளை மாவு தெரியும்போதே பழத்தைச் சேர்த்து, மேலும் மூன்று நான்கு புரட்டு. அவ்வளவுதான். மஃபின் ட்ரேயின் ஒவ்வொரு குழியையும் முக்கால் பாகம் வரை நிரப்பி 18 முதல் 22 நிமிடம் சுடுங்கள். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் வெப்பத்தை 15 அல்லது 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

கப்பால் அளப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவு டப்பாவுக்குள் கப்பை அழுத்தி அள்ளாதீர்கள். கரண்டியால் கப்பில் போட்டு மேலே சமமாக வழித்துவிடுங்கள். அழுத்தி அள்ளினால் 125 கிராம் இருக்க வேண்டிய கப்பில் 150 கிராம் வரை ஏறிவிடும். இரண்டு கப்பில் 50 கிராம் மாவு கூடினால் மஃபின் வறண்டுபோகாமல் என்ன செய்யும்? ஒரு சின்ன எடைபார்க்கும் கருவி வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். வீணாகும் மஃபின்களைக் கணக்குப் பார்த்தால் அந்தக் காசு சீக்கிரமே திரும்பிவிடும்.

எந்தப் பழம் நல்லது? எந்தப் பழம் போட்டாலும் அளவு ஒன்றேதானா?

ஒன்றல்ல. முக்கியமான விஷயமே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாழைப்பழத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் தண்ணீர். மாம்பழத்தில் 83, ஆப்பிளிலும் அன்னாசியிலும் 86, ஸ்ட்ராபெர்ரியில் 91. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும், அந்தத் தண்ணீர் எவ்வளவு சுலபமாக வெளியே வருகிறது என்பதில்தான் வித்தியாசம். ஆப்பிள் துண்டு தன் தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்ட்ராபெர்ரி சூடு பட்டதும் கையை விரித்துவிடும். அதைச் சுற்றியுள்ள மாவு வேகாமல் பிசுபிசுவென்று நிற்பது அதனால்தான்.

ஆகவே நான் பழங்களை மூன்று விதமாகப் பிரித்துக்கொள்கிறேன். ஆப்பிள், பேரிக்காய் போலக் கெட்டியானவற்றை அப்படியே நறுக்கியோ துருவியோ போடலாம். துருவினால் சாறு சேரும், அதற்காகப் பாலை 150 மி.லி.க்குக் குறைத்துவிடுங்கள், சாற்றைப் பிழிந்து கொட்ட வேண்டாம். ஆப்பிளின் தோலையும் சீவ வேண்டியதில்லை. துருவியபின் தோல் இருப்பதே தெரியாது.

வாழைப்பழம், நன்கு பழுத்த மாம்பழம் போல மசியக்கூடியவை இரண்டாவது வகை. இவற்றை மசித்தால் அது நறுக்கிய பழம் என்ற கணக்கில் வராது, திரவம் என்ற கணக்கில்தான் வரும். வாழைப்பழ மஃபினுக்கு 300 கிராம் மசியல் சேர்த்தால் பால் 60 மி.லி. போதும், சர்க்கரை 100 கிராம் போதும், முட்டையும் ஒன்று போதும். பழக் கூழைச் சேர்த்துவிட்டுப் பாலையும் அப்படியே ஊற்றுவதுதான் மஃபின் நடுவில் அமுங்குவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம்.

ஸ்ட்ராபெர்ரி, பீச், பிளம் போலச் சாறு ஒழுகுபவை மூன்றாவது. பட்டாணி அளவுக்கு நறுக்கி, ஒரு துணியிலோ சல்லடையிலோ பத்து நிமிடம் வையுங்கள். வடிந்த சாற்றைப் பாலுடன் சேர்த்து மொத்தம் 180 மி.லி. வருகிற மாதிரி அளந்துகொண்டால் எதுவும் வீணாகாது. இந்தப் பழங்களை 150 கிராமுக்கு மேல் போடாதீர்கள். பழம் அதிகம் போட்டால் மஃபின் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் மாவு தாங்காது. தர்பூசணி வேண்டவே வேண்டாம்.

வாழைப்பழம் எவ்வளவு கறுத்தால் இன்னும் பயன்படுத்தலாம்?

தோல் முழுக்கக் கறுத்திருந்தாலும் பயன்படுத்தலாம். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, அதனால் கறுத்த பழம்தான் மஃபினுக்கு மிகச் சிறந்தது. மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும் பழத்தில் அந்த மணமே வராது. ஆனால் சாராயம் போல நெடி அடித்தாலோ, பூஞ்சை தெரிந்தாலோ, தோல் வெடித்து நீர் கசிந்தாலோ தூக்கிப்போட்டுவிடுங்கள். சிக்கனத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

ஒன்று இரண்டாகப் பழம் மிஞ்சும்போது, தோலை உரித்து ஃப்ரீசரில் ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மூன்று சேர்ந்ததும் வெளியே எடுத்து வைத்தால் உருகும்போது பழுப்பாக நீர் விடும். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் இனிப்பும் மணமும் அந்த நீரில்தான் இருக்கின்றன. கொட்டாமல் மசியலோடு சேர்த்து எடை போடுங்கள்.

அன்னாசி போட்டேன், கசக்கிறது. ஏன்?

வேகவைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை அறுக்கும். பால் சேர்ந்த கலவையில் கொஞ்ச நேரம் ஊறினாலே பால் புரதம் உடைந்து கசப்பு தட்டும். பப்பாளியில் இருக்கும் பப்பைனும் இதே வேலையைச் செய்யும். வழி சுலபம்: நறுக்கிய துண்டுகளை ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையோடு வாணலியில் ஐந்து முதல் எட்டு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். நொதியும் செயலிழக்கும், தண்ணீரும் சுண்டும். டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே வெந்தது என்பதால் வடித்துவிட்டு அப்படியே போடலாம்.

ஃப்ரீசரில் வைத்த பழம், டப்பா பழம், உலர்ந்த பழம்: எது லாபம்?

பெர்ரி வகைக்கு உறைந்த பழம்தான் என் தேர்வு. புதிய பழத்தைவிட விலை குறைவாகவே கிடைக்கும், கழுவி நறுக்கும் வேலையும் இல்லை. உருகவிடாமல் நேராகக் கலவையில் போடுங்கள். உருகினால் சாறு ஓடி மாவு முழுக்க நிறமாகிவிடும். கலவை குளிர்ந்துபோவதால் மூன்று முதல் ஐந்து நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டும்.

டப்பாப் பழத்தின் சர்க்கரைப் பாகைக் கொட்டாதீர்கள். பாலில் பாதிக்குப் பதிலாக அதை ஊற்றி, சர்க்கரையில் 30 கிராம் குறைத்துவிடுங்கள்.

உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் எதிர்த்திசையில் வேலை செய்யும். அவை தண்ணீர் விடுவதில்லை, சுற்றியுள்ள மாவிலிருந்து உறிஞ்சுகின்றன. கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து வடித்தபின் சேருங்கள். சூடான தேநீரில் ஊறவைத்தால் இன்னும் ஒரு சுவை கூடும்.

பழமெல்லாம் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. மாவில் புரட்டிப் போட்டாலும் அப்படியே. என்ன செய்வது?

மாவில் புரட்டுவது கொஞ்சம் உதவும், முழுத் தீர்வு ஆகாது. கலவை நீர்த்திருந்தால் என்ன பூசினாலும் துண்டு இறங்கத்தான் செய்யும். கரண்டியால் எடுத்துச் சாய்த்தால் கலவை ஒழுகக் கூடாது, சற்று நின்று பொத்தென்று விழ வேண்டும். அந்தப் பதம் இருந்தால் துண்டுகள் இருந்த இடத்திலேயே நிற்கும். துண்டுகளைச் சிறிதாக்குங்கள். ஒவ்வொரு குழியிலும் முதலில் ஒரு கரண்டி வெறும் கலவை, அதன்மேல் பழம் சேர்த்த கலவை என்று ஊற்றினால் அடியும் காய்ந்து நன்றாக இருக்கும். நான்கைந்து துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் மேலே பதித்தால் கண்ணுக்கும் நிறைவு.

புளூபெர்ரியைச் சுற்றி மாவு பச்சையாக மாறியிருக்கிறது. கெட்டுப்போனதா?

கெடவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். பெர்ரி, கறுப்புத் திராட்சை போன்றவற்றின் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாக மாறும். பேக்கிங் சோடா அதிகமாகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அடுத்த முறை சோடாவைக் குறையுங்கள், அல்லது பாலில் பாதியைத் தயிராக மாற்றுங்கள். சூரியகாந்தி விதையும் சோடாவோடு சேர்ந்தால் ஆறியபின் பச்சையாகும். அதுவும் தீங்கில்லாததுதான்.

பேக்கிங் பவுடர் இல்லை, சோடாதான் இருக்கிறது. மாற்றிப் போடலாமா?

அதே அளவில் மாற்றிப் போடக் கூடாது. சோடாவின் வீரியம் பேக்கிங் பவுடரைப் போல மூன்று நான்கு மடங்கு. அதோடு, சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பு உள்ளேயே இருக்கிறது. சோடா மட்டும் இருந்தால் மேலே சொன்ன அளவுக்கு அரை டீஸ்பூன் போட்டு, பாலுக்குப் பதிலாகப் புளித்த மோர் ஊற்றி, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேருங்கள். மோர் இல்லையென்றால் பாலிலேயே அந்தச் சாற்றோடு இன்னும் ஒரு டீஸ்பூன் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் திரிந்து கெட்டியாகும், அதுவும் சரி. சோடா மட்டும் போட்ட கலவையைக் காக்கவைக்கக் கூடாது, கலந்த உடனே ஓவனுக்குள் போக வேண்டும். சோடா கூடினால் சோப்பு போல ஒரு சுவை வரும், நிறமும் கறுக்கும்.

பழைய டப்பா இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கொதிநீரில் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரைப் போடுங்கள். சட்டென்று நுரைத்துப் பொங்கினால் நல்லது. சோடாவானால் எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையை முட்டையை உடைப்பதற்கு முன்பே செய்துவிட்டால் ஒன்றும் வீணாகாது.

முட்டை சேர்க்காமல் செய்யலாமா?

நன்றாகவே வரும். பழ மஃபினில் முட்டை இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. இரண்டு முட்டைக்குப் பதில் 120 கிராம் தயிர், கால் டீஸ்பூன் சோடா. பேக்கிங் பவுடரை 2 டீஸ்பூனாகவும் பாலை 150 மி.லி.யாகவும் குறைத்துக்கொள்ளுங்கள். பால் பொருட்களும் வேண்டாம் என்பவர்கள், ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழப்பாகிப் பிடிமானம் கொடுக்கும். முட்டையில்லாத மஃபின் சூடாக இருக்கும்போது உதிரும். முழுதாக ஆறவிட்டுப் பிரித்தால் உருவம் நிற்கும்.

ரப்பர் மாதிரி இழுக்கிறது, உள்ளே நீள நீளமாகப் பொந்துகள். எங்கே தவறு?

கிளறியது அதிகம். மாவில் தண்ணீர் பட்டுக் கிளறக் கிளற குளூட்டன் என்ற புரதம் வலையாகப் பின்னிக்கொள்ளும். ரொட்டிக்கு அது வேண்டும், மஃபினுக்கு ஆகாது. கலவை கட்டி கட்டியாகத்தான் இருக்க வேண்டும், மழமழவென்று வந்தால் கை அதிகம் ஓடிவிட்டது என்று அர்த்தம். பீட்டரோ மிக்ஸியோ ஈரமான பொருட்களோடு நின்றுவிட வேண்டும். நான் கற்றுக்கொடுத்த எல்லாருக்கும் இந்த இடத்தில்தான் கை நிற்க மறுக்கிறது, கட்டி தெரிந்தால் கரைத்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அந்தக் கட்டிகள் ஓவனுக்குள் தானாகக் கரைந்துவிடும்.

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு?

முதலில் பாதிக்குப் பாதி போட்டுப் பாருங்கள். கோதுமை மாவில் தவிடு இருப்பதால் தண்ணீரை அதிகம் குடிக்கும், இரண்டு டேபிள்ஸ்பூன் பால் கூடுதலாக ஊற்றுங்கள். கலவையைக் கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டுச் சுட்டால் தவிடு ஊறி நறநறப்புப் போய்விடும். பேக்கிங் பவுடர் சேர்த்த கலவை அதுவரை தாங்கும். முழுக்கக் கோதுமை மாவு என்றால் வாழைப்பழத்தோடு செய்வதுதான் மிகப் பொருத்தம், மசியலின் ஈரம் அதற்குத் துணை நிற்கும்.

சர்க்கரையை எவ்வளவு குறைக்கலாம்?

கால் பங்கு குறைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதற்குக் கீழே போனால் சுவை மட்டுமில்லாமல் மென்மையும் நிறமும் குறையும், சீக்கிரம் காயும். சர்க்கரைதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நன்கு பழுத்த வாழைப்பழம் போடும்போது மட்டும் 80 கிராம் வரை இறங்குங்கள். மேலே ஒரு சிட்டிகை சர்க்கரை தூவிச் சுட்டால் மொறுமொறுவென்று ஒரு படலம் வரும், நாக்கில் முதலில் படுவது அதுதான் என்பதால் உள்ளே குறைத்தது தெரியாது.

கடையில் விற்பது போல மேலே குவிந்து எழும்ப என்ன வழி?

ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கி, முதல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, கதவைத் திறக்காமல் 180-க்குக் குறைத்து மேலும் 13 முதல் 16 நிமிடம் சுடுங்கள். முதல் சூட்டில் ஆவி வேகமாகக் கிளம்பி மேலே தள்ளும், ஓரம் அதற்குள் இறுகி நிற்கும். கலவை கெட்டியாக இருக்க வேண்டும், குழியும் ஏறக்குறைய முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பதில் ஒன்பதோ பத்தோதான் வரும். சுவைக்கு இது தேவையில்லை. வீட்டுக்கு விருந்தாளி வரும் நாளில் மட்டும்தான் நான் இதைச் செய்வேன்.

பேப்பர் கப் வாங்காமல் சமாளிக்கலாமா? வாங்கினாலும் மஃபின் அதில் ஒட்டிக்கொள்கிறதே?

பேக்கிங் பேப்பரை 13 செ.மீ. சதுரங்களாக வெட்டி, குழிக்குள் ஒரு சின்னத் தம்ளரின் அடியால் அழுத்தினால் நல்ல கப் தயார். அல்லது குழியில் எண்ணெய் தடவி, மாவு தூவி, தட்டிவிடுங்கள். எனக்கு இதுதான் பிடித்த வழி, ஓரம் பொன்னிறமாக வரும். மஃபின் ட்ரே இல்லையென்றால் சூடு தாங்கும் சிறிய எவர்சில்வர் கிண்ணங்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்துச் சுடலாம்.

ஒட்டுவதற்குக் காரணம் இரண்டு: எண்ணெயை மிகவும் குறைத்திருப்பீர்கள், அல்லது சூட்டோடு பேப்பரைப் பிரித்திருப்பீர்கள். எண்ணெயில் பாதியைப் பழ மசியலால் மாற்றலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஓவன் இல்லை. அடுப்பில் முடியுமா?

முடியும். அடி கனமான, மூடி இறுக்கமாகப் பொருந்தும் பெரிய பாத்திரம் ஒன்றை எடுத்து, உள்ளே ஒரு ஸ்டாண்டு வைத்து, தண்ணீர் ஊற்றாமல் மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். நான்ஸ்டிக் பாத்திரம் வேண்டாம், வெறுமனே சூடேற்றினால் அதன் பூச்சு கெட்டுப் புகையும். கலவை நிரப்பிய கிண்ணங்களை ஸ்டாண்டின் மேல் வைத்து, தீயைக் குறைத்து, 25 முதல் 35 நிமிடம். முதல் இருபது நிமிடம் திறக்காதீர்கள். மேல்புறம் வெளிறித்தான் இருக்கும், சிவக்காது. உள்ளே ஒரு குறையும் இருக்காது. மைக்ரோவேவில் ஒரு கோப்பையில் ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் சூட்டோடு தின்றுவிட வேண்டும். ஆறினால் ரப்பர்.

ஓவன் ஓடும் செலவே அதிகமாக இருக்கும் போலிருக்கிறதே?

நியாயமான கவலை. ஆறு மஃபினுக்காக ஓவனைச் சூடாக்காதீர்கள். இரண்டு மடங்கு கலவை செய்து அடுத்தடுத்து இரண்டு ட்ரே சுடுங்கள். ஏறிய சூடு இரண்டாவதுக்கும் பயன்படும், மிஞ்சியதை ஃப்ரீசரில் வைக்கலாம். வேறு ஏதாவது ஓவனில் சமைக்கும் நாளோடு சேர்த்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. சிறிய மேசை ஓவன் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், சூடாக வேண்டிய இடம் குறைவு.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? வெளியே எடுத்ததும் நடு அமுங்குகிறதே?

பல்குச்சியைக் குத்தினால் ஒன்றிரண்டு துணுக்குகள் மட்டும் ஒட்ட வேண்டும், ஈரமாவு ஒட்டக் கூடாது. பழத்துண்டில் குத்தினால் ஈரமாகத்தான் வரும், இன்னோர் இடத்திலும் குத்திப் பாருங்கள். விரலால் மேலே லேசாக அழுத்தினால் பழையபடி எழும்ப வேண்டும்.

எடுத்ததும் அமுங்கினால் உள்ளே வேகவில்லை, அல்லது பேக்கிங் பவுடர் கூடிப்போய் வேகமாக எழுந்து தாங்க முடியாமல் விழுந்திருக்கும், அல்லது பழத்தின் தண்ணீர் கணக்கில் வரவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு முன் கதவைத் திறந்தாலும் இது நடக்கும். சுட்டபின் ட்ரேயிலேயே ஐந்து நிமிடம் மட்டும் விட்டு, கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ட்ரேயில் ஆறவிட்டால் ஆவி அடங்கி அடிப்பக்கம் நனைந்துவிடும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

வெளியே, காற்றுப்புகாத டப்பாவில், இரண்டு நாள். முழுதாக ஆறிய பிறகே மூடுங்கள். அடியிலும் மேலும் ஒரு காகிதத் துண்டு வைத்தால் பழம் விடும் ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் சாறு நிறைந்த பழம் போட்டதை இரண்டாம் நாளே முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் மாவுச்சத்து இறுகி மஃபின் சீக்கிரம் கெட்டியாகும். அதைவிட ஃப்ரீசர்தான் நல்லது. ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். இரவே வெளியே எடுத்து வைத்துவிட்டால் காலையில் தயார், அவசரமென்றால் மைக்ரோவேவில் அரை நிமிடம்.

காய்ந்துபோன மஃபினை என்ன செய்வது?

பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கல்லில் துளி எண்ணெய் விட்டுச் சிவக்க வாட்டுங்கள். அப்படியே தின்னலாம், தயிரோடும் நன்றாக இருக்கும். உதிர்ந்தே போனால் தூளாக்கி, குறைந்த சூட்டில் ஓவனில் பத்து நிமிடம் மொறுமொறுப்பாக்கி டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த முறை சுடும்போது ஒவ்வொரு மஃபினின் மேலும் ஒரு டீஸ்பூன் தூவிவிடலாம்.